பிரிப்பதற்கு முன் பட்டியல் போடுங்கள்

பழைய அமெரிக்க காமிக்ஸ் புத்தகங்களை ஏலம் விடும் நிறுவனத்தாருக்கும், அவற்றுக்குத் தரச்சான்று வழங்கும் நிறுவனத்தாருக்கும் வணக்கம்.

உங்களிடம் எனக்கு ஒரே ஒரு கோரிக்கை. கடையில் தம் கைக்காசைக் கொடுத்து வாங்கிய ஒருவர், பல்லாண்டுகள் தம்மிடமே காத்து வைத்திருந்த தொகுப்பு உங்களிடம் வந்து சேர்கிறது. அதைப் பிரித்து விற்பதற்கு முன், அதில் இருந்த ஒவ்வொரு புத்தகத்தையும் படத்தோடு பட்டியலிட்டு எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். விற்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விற்ற பிறகு அந்தத் தொகுப்பை மறுபடி ஒன்றாகப் பார்க்க யாராலும் முடியாது என்பதால்தான் கேட்கிறேன்.

இந்தத் துறையில், ஒரே ஒருவர் வாங்கிக் காத்த சிறந்த தொகுப்புக்குத் தரும் 'பெடிகிரீ' என்ற பட்டத்துக்கு இருக்கும் மரியாதைக்குப் பெரிய காரணம் எட்கர் சர்ச். டென்வர் நகரில் தொலைபேசி நிறுவனத்தின் விளம்பரப் பக்கங்களுக்குப் படம் வரைந்து பிழைத்த ஓவியர் அவர். அவருடைய முதுமையில், 1977இல், குடும்பத்தார் வீட்டைக் காலி செய்தபோது இளம் வியாபாரி சக் ரோசான்ஸ்கி அங்கே சென்றார். 18,000க்கும் மேற்பட்ட காமிக்ஸ் புத்தகங்கள் இருந்தன. சூப்பர்மேன் முதன்முதலாக வந்த 1938 ஜூன் மாத 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழும் அவற்றில் ஒன்று.

எண்ணிக்கையைவிட அவை இருந்த நிலைதான் ஆச்சரியம். பத்து சென்ட் காமிக்ஸ் அச்சான தாள் மலிவான மரக்கூழ்த் தாள். அதிலுள்ள அமிலமே அதை அரிக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டால் மஞ்சளாகி, பழுப்பாகி, தொட்டால் உதிரும். டென்வர் காற்றில் ஈரம் குறைவு. சர்ச்சின் அலமாரிக்குள் வெளிச்சம் இல்லை. ஒன்றின்மேல் ஒன்றாக நெருக்கி அடுக்கியிருந்ததால், அந்தப் பாரத்தில் பக்கங்களுக்கு இடையே காற்று புக வழியும் இல்லை. முப்பது நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தத் தாள்கள் வெள்ளையாகவே இருந்தன. போர்க்காலத்தில் பழைய தாள் சேகரிப்புக்குப் போனவை எத்தனையோ. 1950களில் காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று ஊர் கூடித் தீயிட்டவை எத்தனையோ. அதையெல்லாம் தாண்டி இப்படி ஒரு குவியல் மிஞ்சியது.

அந்தக் குவியல் இன்று ஒரே இடத்தில் இல்லை. ரோசான்ஸ்கி அதை வாங்கி விற்கத் தொடங்கியபோது தரச்சான்று நிறுவனமே கிடையாது. சிஜிசி என்ற தரச்சான்று நிறுவனம் 2000ஆம் ஆண்டில்தான் வந்தது. அதற்குள் எத்தனையோ புத்தகங்கள் எத்தனையோ கை மாறிவிட்டன. அன்றைக்கு அது யாருடைய குற்றமும் அல்ல. ஒரு வீட்டின் அலமாரி பின்னாளில் வரலாறாகும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியும். ஆகவே உங்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

லாமோன்ட் லார்சன் தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நெப்ராஸ்கா மாநிலத்தின் வாசா என்ற சிற்றூர்ச் சிறுவன் அவர். 1930களின் பின்பாதியில் அவ்வூர் மருந்துக் கடையில் காமிக்ஸ் வாங்கினார். புது இதழ் வந்ததும் வேறு யாரும் எடுத்துவிடாமல் இருக்க, கடையில் அட்டைமேலேயே பென்சிலால் அவர் பெயரை எழுதி ஒதுக்கி வைத்தார்கள். ஏலப் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். அட்டைப் படத்தின் வண்ணங்களுக்கு நடுவே, அவசரத்தில் கிறுக்கிய பென்சில் எழுத்து தெரியும். சிலவற்றில் 'லாமோன்ட்', சிலவற்றில் 'லார்சன்'. வேறொரு புத்தகமாக இருந்தால் அதைக் கறை என்று சொல்லியிருப்பீர்கள். இங்கே அதுதான் அடையாள அட்டை.

அந்தப் பெயரை வைத்து வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. அந்த மனிதர் யாரென்று பலருக்குத் தெரியாது. ஜான் பெர்க் என்ற சேகரிப்பாளர் தேடிப்போய் லார்சனைக் கண்டுபிடித்துப் பேசிப் பதிவு செய்த பிறகுதான் மருந்துக் கடைக் கதை வெளியே வந்தது. டேவிஸ் கிரிப்பன் தொகுப்புக்கும் இதே நிலைதான். 'டி' என்ற ஓரெழுத்துக் குறியோடு தரமான பழைய புத்தகங்கள் சந்தையில் சுற்றிக்கொண்டிருந்தன. எந்த வீட்டிலிருந்து வந்தவை என்று தெரியாமலே ஆண்டுகள் ஓடின. தொகுப்பின் மீதிப் பகுதி 2006இல் ஏலத்துக்கு வந்தபோதுதான் அந்த 'டி' யாருடையது என்பது தெளிவானது. கிரிப்பன் குடும்பம் முன்வந்திராவிட்டால், அந்த எழுத்து இன்றுவரை விடுகதையாகவே இருந்திருக்கும்.

பெயருக்கு மதிப்பு உண்டு என்பது உங்கள் விலைப்பட்டியலே சொல்கிறது. கான்சாஸ் சிட்டி தொகுப்பைச் சேர்ந்த 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ், பத்துக்கு 8.5 தரத்தில், 2024 ஏப்ரலில் 60 லட்சம் டாலருக்குப் போனது. அத்தனை பணமும் தொகுப்பின் பெயருக்காக என்று சொல்ல மாட்டேன். ஆனால் லேபிளில் அந்தப் பெயரை அச்சிடுகிறவர்கள் நீங்கள். ஏலக் குறிப்பில் அதைத் தலைப்பாக்குகிறவர்களும் நீங்கள். பெயரைச் சொல்லி விற்கும்போது, அந்தப் பெயருக்கு ஆதாரத்தைப் பாதுகாக்கும் கடமையும் உங்களுடையதுதான்.

லேபிள் இருக்கிறதே என்பீர்கள். லேபிள் புத்தகத்தோடு ஒட்டியதல்ல, தரச்சான்று தந்த புத்தகத்தை மூடி வைக்கும் பிளாஸ்டிக் உறையோடு ஒட்டியது. உயர்ந்த தரம் கிடைக்கும் என்ற ஆசையில் உறையை உடைக்கிறார்கள். ஈரப்பதமும் சூடும் அழுத்தமும் கொடுத்து மடிப்புகளைத் தட்டையாக்குகிறார்கள். மீண்டும் தரச்சான்றுக்கு அனுப்புகிறார்கள். இப்படி அழுத்துவதை சிஜிசி செப்பனிடலாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே லேபிளில் அதைப் பற்றி ஒரு வரியும் வராது. உறைக்கு வெளியே போன புத்தகம் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்று அடுத்த முறை அனுப்புகிறவர் சொல்லாவிட்டால், பென்சில் குறியைப் படிக்கத் தெரிந்த கண் வேண்டும். அந்தக் குறி உள்பக்கத்தில் இருந்தாலோ சிக்கல் இன்னும் பெரிது: உறைக்குள் மூடிய புத்தகத்தின் உள்பக்கத்தை வாங்குகிறவரால் திறந்து பார்க்கவே முடியாது. அழுத்திய, அழுத்தாத இரண்டு பிரதிகளையும் ஒரே தராசில் வைப்பது எனக்கு உடன்பாடில்லை. அது வேறு விவாதம், இங்கே வேண்டாம்.

வரும் நாளில் இருந்த நிலையிலேயே புத்தகத்தைப் படம் எடுங்கள். முன்னட்டை, பின்னட்டை, நடுப்பக்கம், ஸ்டேப்பிள் பின் குத்திய இடம், கையால் எழுதிய எந்தக் குறியானாலும் அது நெருக்கத்தில். முக்கிய இதழ்களுக்கு மட்டும் இதைச் செய்துவிட்டு, விலை போகாத வேடிக்கை விலங்குக் கதைகளையும் காதல் கதைகளையும் மொத்தமாகக் கட்டி விற்றுவிடாதீர்கள். ஒரு பையன் எதை விரும்பினான், எந்த மாதம் எதை விட்டுவிட்டான், எப்போது வாங்குவதை நிறுத்தினான் என்பதெல்லாம் அந்த மலிவான கட்டில்தான் இருக்கிறது.

போட்டியாளர்களுக்குச் சரக்கு தெரிந்துவிடும், விலை இறங்கும் என்ற அச்சம் எனக்குப் புரிகிறது. பில்லி ரைட் தொகுப்பைப் பாருங்கள். வர்ஜீனியாவில் ஒரு வீட்டு அலமாரியில் இருந்த 345 புத்தகங்கள். ஏலத்துக்கு முன்பே உலகம் முழுக்கச் செய்தியாயின. 2012 பிப்ரவரியில் அவற்றில் 227 மட்டுமே சுமார் 35 லட்சம் டாலருக்கு விற்றன. இன்னதெல்லாம் வருகிறது என்று முன்பே தெரிந்ததால் யாரும் விலகிப் போகவில்லை, கூட்டம்தான் கூடியது.

குடும்பத்தாரின் தனியுரிமை என்ற காரணம் நியாயமானது. பெயரை மறைக்க விரும்பினால் மறைக்கட்டும். 'பிராமிஸ்' தொகுப்பை 2021 முதல் அப்படித்தான் விற்றார்கள். கொரியப் போரில் இறந்த சகோதரருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற அவருடன் பிறந்தவர் பத்திரப்படுத்திய புத்தகங்கள் என்பதும், அவர்கள் முதற்பெயர்களும் மட்டுமே வெளியே வந்தன. குடும்பப் பெயர் தெரியாமலே அந்தச் சகோதரர்களை நாங்கள் அறிந்துகொண்டோம். ஊரையும் ஆண்டையும் வாங்கிய விதத்தையும் சொல்ல வீட்டு முகவரி தேவையில்லை.

ஒகாஜிமா தொகுப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு முகாமில் அடைத்த ஜப்பானிய வம்சாவளிக் குடும்பத்துப் பெண் ஒருவரின் காமிக்ஸ் அவை. அட்டையில் அந்தக் குடும்பப் பெயர் எழுதியிருக்கும். முகாம் வாழ்க்கையின் சான்றாக நிற்கும் அந்தப் புத்தகங்களில் எது எங்கே இருக்கிறது என்று ஒரே இடத்தில் பார்க்க ஒரு ஆய்வு மாணவருக்கு வழி இருக்க வேண்டாமா?

இன்னும் அமெரிக்க வீடுகளில் திறக்காத அலமாரிகள் இருக்கின்றன. அந்தத் தலைமுறையின் கடைசிப் பிள்ளைகள் இன்று தொண்ணூறை எட்டியவர்கள். அடுத்த தொகுப்புக்கு ஒப்பந்தம் எழுதும்போது இரண்டு வரிகள் சேருங்கள்: முழுப் பட்டியல் படங்களுடன் வெளியாகும், வெளியான பிறகே ஏலத் தேதி அறிவிக்கப்படும். வாங்கியவர் உயிரோடு இருந்தால், பேச்சைப் பதிவு செய்ய முதல் வாரத்திலேயே ஒருவரை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பழைய காமிக்ஸ் வாசகன் ஒருவன்