டி மைனர்: சேதுவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சேது,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி வயலினில் முதல் கிரேடு தேறிவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். ஓய்வு பெற்ற பிறகு காலைப் பொழுது முழுக்க என் கையில். சர்ச் காயர் போக மீதி நேரம் வயலின்தான்.

"மைனர் என்றால் சோகம், அவ்வளவுதானே?" என்று மேற்கத்திய இசையின் மைனர் ஸ்கேலைப் பற்றிக் கேட்டிருந்தாய். அவ்வளவுதான் என்று விட எனக்கு மனமில்லை. கொஞ்ச நாளாக டி மைனரிலேயே கிடக்கிறேன், அதை வைத்தே சொல்கிறேன்.

டி-யை ஷட்ஜமாக வைத்துக்கொள். டி, இ, எஃப், ஜி, ஏ, பி பிளாட் (அரை ஸ்வரம் இறங்கிய பி), சி. இது நேச்சுரல் மைனர், உன் நடபைரவியின் ஸ்வரங்கள். சி-யை அரை ஸ்வரம் ஏற்றி சி ஷார்ப் ஆக்கினால் ஹார்மோனிக் மைனர், அதாவது கீரவாணி. மெலடிக் மைனரில் ஏறும்போது பி-யும் பிளாட் இல்லாமல் வரும், கௌரிமனோகரி மாதிரி. இறங்கும்போது பழையபடி நடபைரவி. நமக்கு இவை மூன்று தனி ராகங்கள். மேற்கத்திய இசைக்காரர்களுக்கு ஒரே கீ (ஆதார ஸ்வரமும் அதைச் சுற்றிய ஸ்வரங்களும்), ஒரே பாட்டுக்குள் மூன்றும் வந்து போகும். ஏ-யின் மேல் கட்டும் கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களில்) சி ஷார்ப் இருந்தால்தான் டி-க்குத் திரும்பும் இழுப்பு பலமாக இருக்கும், அதற்காகத்தான் அந்த ஏற்றம்.

இன்றைய பியானோவில் எல்லா மைனருக்கும் இடைவெளி ஒன்றுதான். அப்படியானால் டி மைனருக்கு மட்டும் தனிக் குணம் எங்கிருந்து வருகிறது? வாத்தியத்திலிருந்து என்பது என் கட்சி. வயலின் தந்திகள் ஜி, டி, ஏ, இ. ஷட்ஜமும் பஞ்சமமும் விரல் வைக்காத தந்திகளிலேயே கிடைக்கின்றன, முழு உடம்பும் அதிரும். எஃப்பும் பி பிளாட்டும் விரலுக்கடியில் அடங்கி, சற்று இருண்டு ஒலிக்கும். ஒரே ஸ்கேலில் இப்படி இரண்டு நிறம்.

இதை முழுக்க உணர ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் சாக்கோனைக் கேள். தனி வயலினுக்கு அவர் எழுதிய டி மைனர் பார்ட்டிட்டா என்ற பல பகுதிப் படைப்பின் கடைசிப் பகுதி அது. கையெழுத்துப் பிரதியில் 1720 என்று இருக்கிறது. அந்த ஆண்டு ஜூலையில் அவர் தான் வேலை பார்த்த கோத்தன் ஊரில் இல்லாதபோது மனைவி மரியா பார்பரா இறந்துபோனார். அதற்கான புலம்பல் இது என்பார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது, எனக்கு அந்தக் கதை தேவையும் இல்லை. நாலு பார் (தாள அளவு) நீள அடித்தளம் ஒன்று, அதன்மேல் கால்மணி நேரம் விரிகிற ஒற்றை வயலின். பாதி தாண்டியதும் டி மேஜருக்கு (முக்கியமாக எஃப் ஏறி எஃப் ஷார்ப் ஆகும்) மாறி, நெடுநேரம் ஒளியாக நின்றுவிட்டுத் திரும்ப மைனருக்கு இறங்குகிறது. டி தந்தியில் இரண்டாம் விரல் எஃப் ஷார்ப்பிலிருந்து எஃப்புக்கு ஒரு துளி பின்வாங்குகிறது, அவ்வளவுதான். வாசிக்கும்போது அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கிறது. கடைசியில் நிற்பது வெறும் டி. எஃப் இல்லாததால் அதை மேஜர் என்றோ மைனர் என்றோ சொல்ல முடியாது. இதைப் போய் சோகம் என்று ஒரே வார்த்தையில் எப்படி முடிப்பது?

மொசார்ட் வேறு மாதிரி. 1785இல் வியன்னாவில் அரங்கேறிய அவருடைய இருபதாவது பியானோ கன்செர்ட்டோ (ஆர்கெஸ்ட்ராவோடு பியானோ வாசிக்கும் படைப்பு) டி மைனரில் முணுமுணுத்துத் தொடங்கி டி மேஜரில் துள்ளிக்கொண்டு முடியும். பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பனிக்கும் அதே பாதை. டிரம்பெட்டுக்கும் கெட்டில் டிரம்முக்கும் அந்தக் காலத்தில் டி வசதியான சுருதி, அந்த வெற்றி முழக்கத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

உன் வீட்டில் பியானோ ரசிகர்கள் அதிகம் என்பதால் இன்னொன்று. சாக்கோனை இடது கையால் மட்டும் வாசிக்கும்படி இசையமைப்பாளர் பிராம்ஸ் 1877இல் பியானோவுக்கு மாற்றி, பியானோ கலைஞர் கிளாரா ஷூமனுக்கு அனுப்பினார். அது வந்து சேர்ந்தபோது அவருக்கு வலது கையில் அடிபட்டிருந்ததாம்! முதலில் வயலினில் கேள், அப்புறம் அது. மேஜர் போய் மைனர் திரும்பும் இடத்தில் உன் காதுக்கு என்ன தோன்றியது என்று கட்டாயம் எழுது. பேத்தியையும் கேட்டுச் சொல்.

அன்புடன்,
ஜேம்ஸ்