கவிழ்ந்த தண்ணீர்க் கான்

முரசுமோட்டை,
மார்கழி.

அன்பு மகன் தம்பிக்கு,

வயலில் நெல் கதிர் தள்ளமுன் குடலைக்கு வந்துவிட்டது. மழை காலாகாலத்தில் பெய்தது, இரணைமடுக் குளத்திலும் தண்ணீர் இருக்கிறது. அம்மா சுகம். இதெல்லாம் போனில் சொன்னதுதான். போனில் சொல்ல முடியாத ஒன்றை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

போன ஞாயிறு நீ கதைக்கும்போது, சின்னவள் பாலைத் தட்டிக் கொட்டியதற்குக் கத்திவிட்டதாகச் சொன்னாய். அவள் உன்னைப் பார்த்த பார்வை நெஞ்சை விட்டுப் போகவில்லை என்றாய். "இந்தக் கோபம் எனக்கு எங்கேயிருந்து வந்தது அப்பா?" என்று கேட்டாய். அம்மா பக்கத்தில் நின்றா. நான் மழையைப் பற்றிக் கதைத்துப் பேச்சை மாற்றிவிட்டேன். ஆனால் எங்கேயிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

2009 ஆடி, செட்டிக்குளம் முகாம். உனக்குப் பதினொரு வயது. தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டிக்காக வெயிலில் மூன்று மணித்தியாலம் வரிசையில் நின்று ஒரு கான் தண்ணீர் பிடித்தோம். கூடார வாசலில் கட்டியிருந்த கயிறு உன் காலில் தடக்கி, கான் கவிழ்ந்தது. நிலம் ஒரு நொடியில் குடித்துவிட்டது. நான் உன்னை அடித்தேன். ஒரு அடியோடு நிற்கவில்லை. பக்கத்துக் கூடாரத்துப் பெரியம்மா வந்து உன்னை இழுத்துக்கொண்டு போகும்வரை அடித்தேன். நீ அழவில்லை. பங்கருக்குள் அழக்கூடாது என்று உன்னைப் பழக்கியவனும் நான்தான்.

உளமருத்துவர் தயா சோமசுந்தரம் வன்னி மக்களைப் பற்றி 2010இல் எழுதியபோது கூட்டு மனவடு என்ற கருத்தை வைத்தார். போர் தனி ஆட்களை மட்டும் காயப்படுத்துவதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது. உன் கோபத்துக்கு அந்தக் கவிழ்ந்த கான்வரை ஒரு வழி இருக்கிறது, தம்பி.

மீள்குடியேறி ஒரு வருடம் கழித்து, ஊருக்கு வந்த உளவளத்துணையாளர் ஒருவர் மூச்சைக் கவனிக்கச் சொல்லித் தந்தார். அது புத்தர் வழி என்று பிறகுதான் அறிந்தேன். உள்ளுக்குள் ஒரு தயக்கம் வந்தது. ஏன் என்று உனக்கு விளக்கத் தேவையில்லை. நான் விபூதியையும் விடவில்லை, வற்றாப்பளைப் பொங்கலையும் விடவில்லை. ஆனால் தேடி வாசித்தபோது, அந்த அறிவு தமிழிலும் இருந்த அறிவு என்று கண்டேன். மணிமேகலையில் சாத்தனார் ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என்று வரிசையாக அடுக்குகிறார். ஒன்று நம்மைத் தொடுகிறது, அது ஊறு. உடனே இனிக்கிறது, கசக்கிறது அல்லது இரண்டுமில்லாமல் இருக்கிறது, அது நுகர்வு. பாலி மொழியில் இதைத்தான் வேதனா என்கிறார்கள், இன்பமும் அதில் அடக்கம். அதற்குப் பிறகுதான் "வேண்டும்", "ஒழியட்டும்" என்ற வேட்கை. நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவே ஒரு சின்ன வரம்பு இருக்கிறது. மூச்சைக் கவனிப்பதெல்லாம் அந்த வரம்பில் ஒரு கணம் நிற்கப் பழகத்தான்.

புத்தர் இரண்டு அம்புகளைப் பற்றிச் சொல்கிறார். முதல் அம்பு நடந்த துன்பம். அதன் மேல் மனம் புலம்பிப் பாய்ச்சுவது இரண்டாவது. கான் கவிழ்ந்தது முதல் அம்பு. "பிள்ளைக்கு ஒரு கான் தண்ணீர்கூடக் கொடுக்க வக்கில்லாதவனாகிவிட்டேனே" என்று என் மனம் எய்தது இரண்டாவது. உன் முதுகில் விழுந்தது அதுதான்.

நீயும் இருந்து பார். ஆனால் எடுத்தவுடன் கண்ணை மூடாதே. நான் மூடினேன், முள்ளிவாய்க்காலின் சத்தம் முழுக்க வந்துவிட்டது. பிறகு வயல் வரம்பில் குந்தி, கண்ணைத் திறந்தபடி, எதிரே நிற்கும் பாலை மரத்தைப் பார்த்துக்கொண்டு, காலடி மண்ணை உணர்ந்துகொண்டு இருந்தேன். ஐந்து நிமிடம் போதும். சத்தம் வந்தால் எழும்பி நட. அவள் எதையாவது கொட்டும்போது முதலில் உன் உடம்பைப் பார். எனக்குத் தாடைதான் முதலில் இறுகும். உனக்கு எங்கே என்று நீதான் கண்டுபிடிக்க வேண்டும்.

புத்தர் தன் மகன் ராகுலனுக்குச் சொன்னது ஒன்று இருக்கிறது. கால் கழுவிய பாத்திரத்தில் மிஞ்சிய கொஞ்சத் தண்ணீரைக் காட்டிப் பொய்யைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். பிறகு, கண்ணாடி எதற்கு என்று கேட்கிறார். பார்ப்பதற்கு என்கிறான் மகன். அப்படியே ஒரு செயலைச் செய்ய முன்னும், செய்யும்போதும், செய்த பின்னும் பார்க்கச் சொல்கிறார். செய்தது தீங்கென்று கண்டால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்கிறார். எனக்கு முதல் இரண்டும் தவறிப்போயின. மூன்றாவதற்கு இத்தனை வருடம் எடுத்திருக்கிறேன். தம்பி, அன்று நான் செய்தது பிழை. உன்னில் ஒரு குற்றமும் இல்லை.

அனுராதபுரத்தில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் என்ற பௌத்த நூலில் நான்கு பிள்ளைகளின் தாய் ஒருத்தி வருகிறாள். குழந்தை வளரவேண்டும் என்று விரும்புகிறாள், நோயாளிப் பிள்ளை சுகப்படவேண்டும் என்று விரும்புகிறாள், இளந்தாரியின் மகிழ்ச்சி நீடிக்கவேண்டும் என்று விரும்புகிறாள். தன் அலுவலைத் தானே பார்க்கும் மகனைப் பற்றி மட்டும் கவலைப்படுவதில்லை. நீ இப்போது அந்த நாலாவது பிள்ளை. நான்தான் இன்னும் உன்னை நோயாளியாகவே நினைத்து, சாப்பிட்டாயா, குளிருக்கு உடுத்தாயா என்று நாளுக்கு மூன்று தரம் போன் எடுக்கிறேன். குறைத்துக்கொள்ளப் பார்க்கிறேன்.

சின்னவளிடம், அப்பா கத்தியது பிழை என்று சொல்லு. மூன்று வயதென்றாலும் அவளுக்கு விளங்கும். நீ எனக்கு எழுத விரும்பினால் எழுது, கோபமாக எழுதினாலும் சரி.

இதை அம்மாவிடம் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் தபாலில் போடுகிறேன்.

அன்புடன்,
அப்பா