புதுத் தகட்டைப் புதுத் தகடு என்றே எழுதி வையுங்கள்

பழைய கார் அழகுப் போட்டிகளில் மதிப்பெண் போடும் நடுவர்களுக்கு,

வணக்கம். இத்தாலியின் கோமோ ஏரிக்கரையிலும் கலிஃபோர்னியாவின் பெபிள் பீச் புல்வெளியிலும் போட்டி நடக்கும்போது குறிப்பேட்டோடு நிற்கும் உங்களுக்கு ஒரு ஃபெராரியின் பூர்வீகத்தை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்த ஆண்டு, எந்தப் பந்தயம், ஓட்டியது யார், எஞ்சின் எண் என்ன எல்லாம் உங்களுக்கு மனப்பாடம். ஆனால் கண்முன் நிற்கும் காரின் உடம்பில் அந்தக் காலத்துத் தகடு எவ்வளவு, போன வருடம் அடித்த தகடு எவ்வளவு என்பதை மட்டும் பார்க்க வருகிறவர்களுக்கு நீங்கள் சொல்வதில்லை. அதைச் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

வட இத்தாலியில் பழைய கார்களைச் சீரமைக்கும் ஒரு பட்டறையில் தகட்டு வேலை பார்க்கிறேன். எங்கள் சொந்த ஊரில் இதை டிங்கரிங் என்போம். சில மாதங்களுக்கு முன் 1950களின் பந்தயக் கார் ஒன்று உள்ளே வந்தது. டூரிங் நிறுவனத்தின் சூப்பர்லெஜ்ஜெரா முறையில் கட்டிய உடம்பு. மெல்லிய எஃகுக் குழாய்களால் ஒரு கூடு, அதன்மேல் அலுமினியத் தகடு. எடையைக் குறைக்க 1930களில் மிலானில் கண்டுபிடித்த வழி. அதன் வியாதியும் உங்களுக்குத் தெரிந்ததே. எஃகும் அலுமினியமும் ஈரத்தில் ஒட்டிக்கிடந்தால் அலுமினியம் அரித்துப்போகும். அந்தக் காரின் இடது கதவு அப்படித்தான் இருந்தது. கீழ் விளிம்பில் விரலை வைத்தால் வெள்ளைப் பொடி உதிர்ந்தது. மிஞ்சிப்போனால் ஒரு சாண் நீளம். மற்ற இடமெல்லாம் உரமாகவே இருந்தது.

பெயிண்டைச் சுரண்டிக்கொண்டே போனோம். மேலே கண்ணாடி மாதிரி ஒரு சிவப்பு. அதற்கடியில் பட்டி. பட்டிக்கு அடியில் பழுப்பேறிய வேறொரு சிவப்பு. அதன்மேல், வெள்ளையில், பிரஷ்ஷால் எழுதிய ஒரு பந்தய எண்ணின் பாதி. எழுதியவருக்கு ஏதோ அவசரம். ஓரத்தில் பெயிண்ட் ஒழுகி அப்படியே காய்ந்திருந்தது. கதவைத் திருப்பினால் உள்பக்கம் முழுக்கச் சுத்தியல் தடம். தடங்களுக்கு நடுவே, எங்கே மடிக்க வேண்டும் என்பதற்கு யாரோ பென்சிலால் இழுத்த ஒரு கோடு.

அரித்த விளிம்பை மட்டும் வெட்டியெடுத்து, புதுத் துண்டு வைத்து வெல்டிங் பண்ணிவிடலாம் என்றார் எங்கள் மேஸ்திரி. உரிமையாளர் அனுப்பிய ஆள் ஒப்பவில்லை. காரணம் நீங்கள்தான். முந்தைய போட்டி ஒன்றில் அதே கதவில், தகடு சற்றே மேடுபள்ளமாக இருக்கிறது என்ற பொருளில், ‘அலை தெரிகிறது’ என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்களாம். ஒட்டுப்போட்டால் வெயிலில் தடம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம். எனவே முழுக் கதவும் புதுத் தகட்டில் உருவாயிற்று. பழைய கதவு, அந்த எண், அந்தக் கோடு எல்லாம் கிலோ விலைக்குக் காயலான் கடைத் தொட்டியில் விழுந்தன. கார் பரிசு வாங்கியது. காருக்கு முன்னால் வைத்த அட்டையில் ஆண்டு, மாடல், ஓடிய பந்தயங்கள் எல்லாம் அழகான எழுத்தில் இருந்தன. கதவைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்தப் பந்தயங்களில் இந்தக் கதவு ஓடவில்லை ஐயா.

அலை தெரிந்தது என்று குறைத்தீர்களே, அலை இல்லாத பந்தயக் கார் அந்தக் காலத்தில் எது? மொடெனாவில் ஃபெராரிக்கு உடம்பு கட்டிய செர்ஜியோ ஸ்காலியெட்டியின் ஆட்கள் கம்பியால் உருவம் கட்டிக்கொண்டு, மணல் நிரப்பிய பையின்மேல் தகட்டை வைத்துக் கண்ணளவாகத் தட்டினார்கள். முழு வரைபடம் கையில் வைத்துக்கொண்டு செய்த வேலை அல்ல அது. இடப்பக்கமும் வலப்பக்கமும் அச்சில் வார்த்ததுபோல் ஒத்துப்போகாது. ஃபெராரியின் 250 டெஸ்டா ரொஸ்ஸா பந்தயக் கார் ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. மசெராட்டியின் 300எஸ் பந்தயக் காருக்கு மெதார்தோ ஃபான்டுஸ்ஸி செய்து கொடுத்த உடம்புகளும் கைவேலையே. இன்று உங்கள் முன் வருகிற கார்களில் இரண்டு பக்கமும் மில்லிமீட்டர் பிசகாமல் ஒத்திருக்கின்றன. அதற்கு நீங்கள் வைத்திருக்கும் பெயர் அசல்.

1949இல் இத்தாலியின் மில்லே மிலியா சாலைப் பந்தயத்தில் ஓட்டுநர் பியோந்தெத்தி தன் 166 எம்எம் ஃபெராரியை பிரெஷாவிலிருந்து ரோம் வரை ஓட்டி, திரும்பவும் பிரெஷாவுக்குக் கொண்டுவந்து முதலாவதாக நிறுத்தினார். ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் பொதுச்சாலை. அந்த நிமிடத்தில் நீங்கள் வெள்ளைக் கையுறையோடு அங்கே நின்றிருந்தால் தூசிக்கு இத்தனை, செத்த பூச்சிக்கு இத்தனை என்று கழித்து, ஆறுதல் பரிசாவது தந்திருப்பீர்களா?

எதையுமே மாற்றக் கூடாது என்று நான் சொல்லவரவில்லை. மாற்றுவதால்தான் எனக்குச் சோறு. அந்தக் காலத்திலேயே இந்தக் கார்கள் மோதி, நசுங்கி, ராத்திரியோடு ராத்திரியாக ஒட்டுப்போட்டு மறுநாள் ஓடியவை. பந்தயப் பருவம் முடிந்ததும் தனியாருக்கு விற்றார்கள். அமெரிக்காவுக்குப் போன எத்தனையோ ஃபெராரியிலும் மசெராட்டியிலும் இத்தாலிய எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளூர் வி8-ஐ மாட்டினார்கள். மாற்றம் இந்தக் கார்களின் பிறவிக்குணம். மாற்றியதை மறைப்பதுதான் புதுப்பழக்கம். இருப்பதைக் காப்பாற்று, மாற்றினால் பதிவுசெய் என்று பழைய வாகனங்களின் உலகக் கூட்டமைப்பான ஃபீவாவின் டூரின் சாசனம் சொல்லிப் பத்தாண்டுக்கு மேலாகிறது. சாசனம் பத்திரமாகத்தான் இருக்கிறது. கதவுதான் போய்விட்டது.

ஏலக்காரர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மடல் நீண்டுவிடும். ஆனாலும் 2023 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் ஓர் ஏலத்தில் நடந்ததை விட மனம் வரவில்லை. 1954ஆம் ஆண்டின் ஃபெராரி 500 மொந்தியால் ஒன்று, 1960களில் விபத்தில் சிக்கி எரிந்தது, 18,75,000 டாலருக்குப் போயிற்று. படத்தைப் பார்த்திருப்பீர்கள்: யானை மிதித்த தகர டப்பா மாதிரி, துருவேறிய ஒரு குவியல். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள். இவர்கள் எரிந்து அறுபது வருடம் ஆன வீட்டிலும் பிடுங்கிவிட்டார்கள். அந்தப் பணம் தகட்டுக்கு அல்ல, அடிச்சட்டத்தில் பொறித்த சேஸிஸ் எண்ணுக்கு. என்றைக்காவது அந்த எண்ணைச் சுற்றி முழுசாக ஒரு புதுக் கார் வளர்ந்து, சிவந்து மினுங்கி உங்கள் புல்வெளிக்கு வரும். அன்றைக்கும் அட்டையில் ‘1954’ என்று மட்டும்தான் எழுதுவீர்களா?

கோபத்தில் தடம் மாறிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அசையவே மாட்டீர்கள் என்று நான் நினைக்கவில்லை. 2015இல் பாரிஸ் ஏலத்தில், பையோன் குடும்பத்தின் கொட்டகையிலிருந்து வந்த ஃபெராரி 250 ஜிடி கலிஃபோர்னியா ஸ்பைடரை அந்தத் தூசியோடேயே 1 கோடியே 60 லட்சம் யூரோவுக்கும் மேல் கொடுத்து எடுத்தார்கள். 2024இல் பெபிள் பீச்சில் உங்கள் சகாக்கள் சீரமைக்காத ஒரு புகாட்டி டைப் 59-ஐ முதலிடத்தில் நிறுத்தினார்கள். சீரமைக்காமல் காத்துவைத்த கார்களுக்கான காப்புப் பிரிவில் வந்த கார் அங்கே உச்சப் பரிசு வாங்கியது அதுவே முதல்முறை. பட்டறையில் அதைப் பற்றி வெகுநாள் பேசிக்கொண்டிருந்தோம்.

ஆகவே பணிவோடு கேட்கிறேன். விண்ணப்பப் படிவத்தில் ஒரே ஒரு பக்கம் கூட்டுங்கள். கதவு, பானெட், டிக்கி மூடி, சக்கரங்களை மூடும் இறக்கைகள், தரைத் தகடு: எது பழையது, எது புதியது, யார் அடித்தது, எந்த வருடம். பட்டறைக்காரர் கையெழுத்து போடட்டும். போட மறுத்தால் அந்த இடத்தைக் காலியாகவே விட்டு, அட்டையிலும் காலியாகவே காட்டுங்கள். பரிசு கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம். புதுத் தகடு என்று மட்டும் எழுதி வையுங்கள். பந்தயக் கார்களுக்காவது அலைக்கு மதிப்பெண் குறைப்பதை விட்டுவிடுங்கள்.

வரும் போட்டிப் பருவத்துக்காக எங்கள் பட்டறையில் இப்போது ஒரு மசெராட்டி நிற்கிறது. பானெட்டில் நல்ல அலை. அதை விடுவதா வெட்டுவதா என்று உரிமையாளர் இன்னும் சொல்லவில்லை; உங்கள் புதிய விதிமுறை வரட்டும் என்கிறார். சீக்கிரம் அனுப்பினால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தகட்டு வேலைக்காரன் ஒருவன்