கைவேலையா, இயந்திர வேலையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முகூர்த்த மாதங்கள் வந்தாலே மணப்பெண் ரவிக்கைகளில் கொக்கி ஊசியால் போடும் ஆரி எம்பிராய்டரி வேலைக்குக் கூலி கூடிவிட்டது என்ற முணுமுணுப்பும் கூடவே வந்துவிடுகிறது. வீட்டிலேயே துணியை இழுத்துக் கட்டும் சட்டம் போட்டுப் பல ஆண்டுகளாக இவ்வேலையைச் செய்துவருபவள் என்ற முறையில், கூலியைவிடப் பெரிய குறை ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

சென்ற மாதம் ஒரு அம்மா, கைவேலை என்று சொல்லிக் கைவேலை விலைக்கே ஒரு கடையில் வாங்கிய ரவிக்கையை, நூல் பிரிகிறதென்று என்னிடம் கொண்டுவந்தார். லைனிங்கைச் சற்றுப் பிரித்துப் பார்த்தேன். அடியில் இயந்திரத்தின் அடிநூலான வெள்ளை பாபின் நூலும், இயந்திரத் தையலுக்காகத் துணிக்கு அடியில் வைக்கும் தாளில் கிழித்தது போக மிஞ்சியதும் ஒட்டிக்கொண்டிருந்தன. முழுக்க முழுக்கக் கணினி எம்பிராய்டரி.

கையால் போடும் ஆரிச் சங்கிலித் தையலுக்கு ஒரே நூல்தான். துணிக்கு அடியில் இடக்கை பிடித்திருக்கும் அந்த நூலை, மேலிருந்து இறங்கும் கொக்கி ஊசி கண்ணி கண்ணியாக மேலே இழுத்துக்கொண்டு வரும். ஆகவே மேலே சங்கிலியும் அடியில் ஒற்றைக் கோடும் தெரியும். ஒற்றை நூலில் சங்கிலி போடும் இயந்திரமும் உண்டு என்பதால், மாங்காய் வடிவத்தின் நுனி வளைவையும் பார்க்க வேண்டும்: திரும்பும் இடத்தில் கை தையலைக் கொஞ்சம் குறுக்கும். கைவேலையில் கடைசிக் கண்ணியைச் சரியாக முடிச்சிடாவிட்டால் நூலின் வாலைப் பிடித்து இழுத்ததும் வரிசையே உருவிக்கொண்டு வந்துவிடும். அந்தக் குறை எங்களைச் சேர்ந்தது, மறுக்கவில்லை.

லேஸ் விற்பனையிலும் இதே குழப்பம்தான். 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த கிறிஸ்தவ மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் இங்குள்ள பெண்களுக்குக் கற்பித்தது, தலையணையில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் லேஸ். ஊசி லேஸ் என்பது வேறு. அதில் ஊசியும் நூலும் மட்டுமே வலையை எழுப்பும். 2010-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்த பிரான்சின் அலான்சோன் ஊசி லேஸுக்கு, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 7 மணி நேரம் பிடிக்கிறது. அதில் தேர்ச்சி பெற 7 முதல் 10 ஆண்டுகள் ஆகின்றன. நம் கடைகளிலோ இயந்திர லேஸ் சுருளைக்கூடக் கூசாமல் 'ஹேண்ட்மேட்' என்கிறார்கள்.

இயந்திர வேலைக்கு நான் எதிரியல்ல. அன்றாடம் உடுத்தித் துவைக்கும் ரவிக்கைக்கு அது தாராளமாகப் போதும். எது கைவேலை, எது இயந்திர வேலை என்பதையும், கைவேலையானால் எத்தனை மணி நேரம் பிடித்தது என்பதையும் கடைக்காரர்கள் ரசீதில் எழுதித் தர வேண்டும் என்பதே என் கோரிக்கை. லைனிங் வைத்துத் தைத்துவிட்டால் அடிப்புறம் மறைந்துவிடுமாகையால், வேலை முடிந்த துணியைத் தையலுக்குக் கொடுக்கும் முன்பே வாடிக்கையாளர்கள் ஒருமுறை கேட்டு வாங்கிப் புரட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது.

இப்படிக்கு,
ஆரி வேலை செய்யும் ஒரு வாசகி,
நாகர்கோவில்.