பதுளைப் பக்கம் மழையா, மச்சான்?

ஹட்டன்

அன்பின் சிவா,

நலம். நீயும் வீட்டாரும் அப்படியே என்று நம்புகிறேன். இவ்வளவு நாள் பதில் போடாததற்கு ஏசுவதென்றால் நேரில் வந்து ஏசு. தமிழ் வாத்தியாரான உன் தலையில் தரம் 10, 11 புவியியலையும் கட்டிவிட்டார்கள் என்று நம் கூட்டாளி ‘மெயில் வண்டி’ சொல்லித்தான் தெரியும். “கவிதை எழுதுகிறவருக்கு மலையும் ஆறும் தெரியாதா?” என்று கேட்டார்களாமே! கேட்டவருக்கு உன் கவிதையையே வாசித்துக் காட்டு, அடுத்த தவணையே பாடத்தை எடுத்துவிடுவார்.

நோட்ஸ் அனுப்பச் சொன்னாயாம். அனுப்பமாட்டேன். நோட்ஸில் உள்ளதெல்லாம் உன் பாடநூலிலும் இருக்கிறது. இந்தப் பாடத்தில் பிள்ளைகளுக்குப் பழக்கவேண்டியது ஒரு கேள்வியை: இது ஏன் இங்கே இருக்கிறது, ஏன் பக்கத்தில் இல்லை?

ஜூலையில் வட்டவளையிலும் கினிகத்தேனையிலும் குடையை மடக்க முடியாது. அதே கிழமை உங்கள் பண்டாரவளையில் வறண்ட காற்று அடித்து ஊவாத் தேயிலைக்கு மணம் ஏற்றிக்கொண்டிருக்கும். வட்டவளையில் ஆண்டு மழை 5000 மி.மீ. தாண்டும், பண்டாரவளையில் அதில் மூன்றிலொரு பங்கு அளவுதான். காரணம் கேட்டால் வகுப்பே “மழைநிழல்” என்று கத்தும், அதாவது மழைக்காற்றை மலை மறிப்பதால் மறுபக்கம் வறள்கிறது என்று. உடனே சரி போட்டுவிடாதே. “அப்படியானால் டிசம்பரில் பதுளையில் ஏன் கொட்டுகிறது? ஹட்டனில் ஏன் வெயில்?” என்று கேள். சத்தம் அடங்கிவிடும். மழைநிழலை ஒரு ஊரின் பட்டப்பெயராகப் பாடமாக்கியிருப்பார்கள். தென்மேல் பருவக்காற்றுக்கு நிழலாகும் பக்கம் வடகீழ் பருவக்காற்றுக்கு முகமாகும் என்பது, மலையைப் பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தால்தான் விளங்கும்.

ஆகவே வெட்டிக் காட்டு. நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 படங்களில் வட்டவளையிலிருந்து பண்டாரவளைக்கு ஒரு நேர்கோடு போடு. ஒரு தாள் 40 கி.மீ. நீளம், 25 கி.மீ. அகலமான நிலத்தைத்தான் காட்டும். உன் கோடு 50 கி.மீ. தாண்டுவதால் தாள்களைப் பொருத்தி ஒட்டவேண்டும். பழைய கலண்டர் தாளை நாடாவாக வெட்டிக் கோட்டின்மேல் வைத்து, சமவுயரக்கோடு (ஒரே உயரமான இடங்களை இணைக்கும் கோடு) வெட்டும் இடமெல்லாம் சிறு கீறு போடச் சொல். எல்லாக் கோட்டையும் எடுத்தால் பைத்தியம் பிடிக்கும், தடித்த கோடுகள் போதும். கீறியவுடனேயே உயரத்தை எழுதிவிட வேண்டும். பிறகு எழுதலாம் என்று விட்டவன் கடைசியில் ஊகத்தில் எழுதுவான். அடுத்தடுத்து ஒரே உயரம் இரண்டு முறை வந்தால் நடுவில் முகடா பள்ளமா என்று சண்டை வரும். நீலக்கோடு ஓடுகிறதா, உயரப்புள்ளி இருக்கிறதா என்று படத்தையே பார்க்கட்டும்.

பிறகு அந்தக் கீறுகளை வைத்து மலையின் வெட்டுமுகத்தை வரையட்டும். கிடையில் 1 செ.மீ. 500 மீற்றர். நிலைக்குத்தில் 1 செ.மீ.க்கு 100 மீற்றர் எடு. மலை ஐந்து மடங்கு மிகையாக நிற்கும். இதைச் சொல்லாமல் விட்டால் வழியில் வரும் அம்பேவளை மேட்டைச் சுவர் மாதிரி நினைத்துக்கொள்வார்கள். ஒருவனை மிகையே இல்லாமல் வரையச் சொல்: ஒரு மீற்றர் நீளக் கடதாசியில் 1000 மீற்றர் ஏற்றம் வெறும் 2 செ.மீ.! இந்தச் சின்ன மேட்டில் ஏறும்போதா மேகம் இவ்வளவையும் கொட்டிவிடுகிறது என்று கேட்பான். அங்கேதான் பாடம் தொடங்குகிறது. மேலேறும் காற்று விரிந்து குளிர்கிறது, அதிலுள்ள நீராவி மழையாகிறது; 1000 மீற்றருக்குச் சராசரியாக 6.5 பாகை வெப்பநிலை குறைகிறது. கொழும்பின் 27 பாகையிலிருந்து நுவரெலியாவுக்கு அவர்களே கணக்குப் பார்க்கட்டும்.

பள்ளத்தாக்கையும் சுவட்டையும் (மலையிலிருந்து வெளியே நீண்டு இறங்கும் மேடு) மாற்றி எழுதுவது தீராத வியாதி. கோட்டின் வளைவு உயர்ந்த பக்கம் குத்தினால் பள்ளத்தாக்கு, தாழ்ந்த பக்கம் நீண்டால் சுவடு. சூத்திரமாகச் சொன்னால் பரீட்சையில் தலைகீழாக எழுதுவார்கள். நீல நிறப் பென்சிலைக் கொடுத்து, “இங்கே ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் எந்த வழியாக ஓடும்?” என்று கேள். தோட்டத்துப் பிள்ளைக்கு இது புதிதில்லை. மலையில் மழைத் தண்ணீர் வடிய வெட்டிய பக்கக் கான்கள் 120க்கு 1 என்ற படித்திறனில், சமவுயரக்கோட்டை ஒட்டியே போகின்றன. 12 மீற்றர் போனால் 10 செ.மீ. இறக்கம். மேசன்மார் மட்டம் பார்க்கும் டியூப்பில் தண்ணீர் நிரப்பி அளந்து பார்க்கலாம், உள்ளே காற்றுக்குமிழி நின்றால் அளவு பொய். இறக்கம் கூடினால் ஏன் மண் அரிக்கும், குறைந்தால் ஏன் கான் தூரும் என்று அவர்கள் வாயிலிருந்தே வரவேண்டும்.

இதை நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் பரீட்சைப் புள்ளி இல்லை, சிவா. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்தையில், தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்கள்மேல் மலை சரிந்து இறங்கியதே. அங்கிருந்து மக்கள் மாறவேண்டுமென்று முன்னரே சொல்லப்பட்டிருந்தது. போக இடம் கொடுக்காமல் படம் வாசிக்கக் கற்றுக்கொடுத்து என்ன பயன் என்று நீ கேட்பாய். கேள், நியாயம்தான். ஆனாலும் லயத்துக்குப் பின்னால் நிலம் வெடிக்கிறது, பீலித் தண்ணீர் திடீரென்று கலங்குகிறது, மரம் சாய்கிறது என்பதைக் கண்ட பிள்ளைக்கு அதன் பொருள் விளங்கவேண்டும். சரிவு, தண்ணீர், மண் மூன்றையும் மூன்று தனித்தனிப் பாட அலகுகளாகப் படித்தவனுக்கு அது விளங்காது. 30 சதுர மீற்றர் கூரையில் 75 மி.மீ. பெய்தால் 2250 லீற்றர். பின்பக்கக் கான் அடைபட்டால் அவ்வளவும் எங்கே போகும் என்று ஒரு நாள் கேட்டுப் பார்.

அந்த 75 சும்மா சொன்ன எண் இல்லை. 24 மணித்தியாலத்தில் 75 மி.மீ. என்றால் மண்சரிவு விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற்றம் என்பதுதான் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. பிள்ளைகளே அளக்கட்டும். பக்கம் நேரான பெரிய சோடாப் போத்தலின் தலையை வெட்டிக் கவிழ்த்துப் புனலாக வை. அடி மேடுபள்ளமாக இருக்கும். கூழாங்கல் போட்டு, நேர்ப்பகுதி தொடங்கும் வரை தண்ணீர் ஊற்றி அங்கே பூச்சியம் குறி. வாயும் உடம்பும் ஒரே அகலமென்றால் அடிமட்டத்தில் மி.மீ. நேரே வாசிக்கலாம். கூரைக்கும் மரத்துக்கும் கிட்ட வேண்டாம், அவற்றின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தள்ளி வை. தரையிலிருந்து ஓர் அடி உயர்த்து, இல்லாவிட்டால் தெறிக்கும் தண்ணீரும் கணக்கில் சேரும். தினமும் காலை 8.30க்கு வாசித்து, பூச்சியக் குறிக்கு மேலுள்ள தண்ணீரை வெளியே ஊற்றிவிடவேண்டும். மழை இல்லாத நாளுக்கும் 0 எழுதவேண்டும். வெற்றாக விட்டால் மழை இல்லையா, வாசிக்க ஆள் இல்லையா என்று பிறகு யாருக்கும் தெரியாது.

உங்கள் பக்கமும் எங்கள் பக்கமும் ஒரே தேதியில் தொடங்கினால் இரண்டு வகுப்பும் தாளை மாற்றிக்கொள்ளலாம். டிசம்பர் விடுமுறையில் வாசிக்கப் பள்ளிக்குக் கிட்ட இருக்கும் இரண்டு பிள்ளைகளைப் பிடித்து வை. தேதியை நீயே சொல். போத்தல் என்ன அகலமென்றும் எழுது. கலாசாலைக் கணக்கு மாதிரி அலகு போடாமல் அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அன்புடன்,
ராஜா