பெப்பரையும் ஒலிவையும் காத்துத் தந்தவர்களுக்கு

ஸ்காபரோவில் எங்கள் தொடர்மாடியில் குடியிருக்கும் அயலவர்களுக்கும், வெளியிலிருந்து ஓடிவந்து உதவிய உறவுகளுக்கும் வணக்கம்.

என் பக்கத்து வீட்டில் வசிக்கும் தாதி தம் தாயாரின் சத்திரசிகிச்சைக்காக மணிலாவுக்குப் போயிருந்த ஆறு கிழமைகளும், அவர் பிள்ளைகளைப் போல வளர்க்கும் பெப்பர், ஒலிவ் என்ற இரண்டு சிஞ்சில்லாக்களும் என் பொறுப்பில் இருந்தன. சென்ற சனிக்கிழமை அவர் திரும்பி வந்து இரண்டையும் நலமாகப் பெற்றுக்கொண்டார். யூலை மாதத்து அந்த ஒரு கிழமையை நினைத்தால், நான் தனியாக இருந்திருந்தால் இது நடந்திராது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். உதவியவர்கள் பலருக்கு நேரில் நன்றி சொல்லிவிட்டேன். ஆனாலும் அவர்களுள் ஒருவர் யாரென்றே எனக்குத் தெரியாததால், இதைப் பொதுமடலாக எழுதுகிறேன்.

சிஞ்சில்லாவைப் பார்த்திராதவர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். அரைக் கிலோ எடையுள்ள, பெரிய காதும் புசுபுசுத்த வாலும் கொண்ட அந்தச் சாம்பல்நிறப் பிராணி, சிலி நாட்டு அந்தீஸ் மலைச்சாரலின் வறண்ட குளிர்ந்த பாறை இடுக்குகளில் வாழ்வதற்கென்றே அமைந்தது. ஒரே மயிர்க்காலிலிருந்து ஐம்பதுக்கு மேற்பட்ட மயிர்கள் அடர்ந்து எழும் அதன் உரோமத்துக்காகவே மனிதர்கள் அதை வேட்டையாடித் தீர்த்தார்கள். இன்று காட்டில் எஞ்சியிருப்பவை மிகச் சிலவே. மலைக்குளிரில் அதைக் காக்கும் அந்தப் போர்வைதான் நம் கோடையில் அதற்கு ஆபத்தாகிறது. அதற்கு வியர்க்காது. வெப்பம் 25 பாகையைத் தாண்டிவிட்டால், அதுவும் ரொறன்ரோவின் ஈரப்புழுக்கத்தோடு சேர்ந்துவிட்டால், சில மணி நேரத்திலேயே உயிர் போய்விடக் கூடும்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தது அந்தத் தாதி எழுதி வைத்துவிட்டுப் போன பதினான்கு பக்கக் குறிப்புப் புத்தகம். திமோதிப் புல் எந்நேரமும் தட்டில் இருக்க வேண்டும், ஏனென்றால் அவற்றின் பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். உலர்ந்த திராட்சையை ஆசைக்குக்கூடக் கொடுக்கக் கூடாது. நீரில் ஒருபோதும் குளிப்பாட்டாமல், கிழமைக்கு மூன்று தடவை மென்தூள் நிரப்பிய பாத்திரத்தில் புழுதி குளிக்க விட வேண்டும். மயிரைப் பற்றித் தூக்கினால் மயிர் கையோடு வந்துவிடும். தாயைப் பற்றிய கவலையோடு பயணப்படும் ஒரு மகள் இத்தனையையும் நிதானமாக எழுதியிருந்தார் என்பதை எண்ணி, முதல் நன்றியை அவருக்கே சொல்கிறேன்.

யூலை மூன்றாம் கிழமையில் ஒரு வியாழக்கிழமை இரவு என் வீட்டுக் குளிரூட்டி நின்றுபோயிற்று. ஒன்பது மணிக்கு வெப்பமானி 28 காட்டியது. ஒலிவ் பக்கவாட்டில் நீட்டிப் படுத்திருந்தது. காதுகள் செக்கச் சிவந்திருந்தன. நான் பதற்றத்தில் நீரைத் தெளிப்பதற்காகப் போத்தலைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போது தொலைபேசியில் இருந்தவர், புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அவசரத்துக்கென்று எண் எழுதப்பட்டிருந்த ஹமில்டன் நகரத்து அம்மையார். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சிஞ்சில்லா வளர்ப்பவர். “தண்ணீரைக் கீழே வையுங்கள்” என்று தடுத்து, அந்த உரோமத்துக்குள் போன ஈரம் எளிதில் காயாது, பூஞ்சணம் பிடிக்கும், வியர்க்காத உடம்புக்கு மின்விசிறி மட்டும் போதாது, சுற்றியுள்ள காற்றே குளிர வேண்டும் என்று விளக்கினார். உறைந்த நீர்ப் போத்தல்களைத் துவாயில் சுற்றிக் கூண்டுக்குள் வைக்கச் சொன்னதும் அவர்தான். அவருடைய குரல் அந்த நேரத்தில் எனக்கு ஒரு கைத்தாங்கலாக இருந்தது.

ஒன்பதாம் மாடித் தம்பதியரை அதற்கு முன் மின்தூக்கியில் கண்டு தலையசைத்ததோடு சரி. கதவைத் தட்டிக் கேட்டபோது, அவர்கள் ஒரு கேள்வியும் கேட்காமல் தங்கள் படுக்கையறையையே ஒழித்துத் தந்தார்கள். ஐந்து இரவுகள் அவர்கள் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். கூண்டு கதவுக்குள் நுழையாதபோது, வேலை நேரம் முடிந்து வீட்டுக்குப் போயிருந்த கட்டடப் பராமரிப்பாளர் திரும்பி வந்து, அதைத் தட்டுத் தட்டாகக் கழற்றி மறுபடி பொருத்தித் தந்தார்.

ஆயினும் மறுநாள் காலை ஒலிவ் ஒரு புல்லையும் தொடவில்லை. இந்தப் பிராணிக்கு உணவு நின்றால் குடலும் நின்றுவிடும்; வாந்தியெடுக்கவும் அதனால் இயலாது. வன்னியைச் சேர்ந்த, வாடகை வண்டி ஓட்டும் தம்பி, வண்டிக்குள்ளே முன்கூட்டியே குளிர் ஏற்றி வைத்து, சிறுபிராணிகளைப் பார்க்கும் மிருக வைத்தியரிடம் எங்களை ஏற்றிச் சென்றார். மூன்று முறையும் அவர் பணம் வாங்க மறுத்துவிட்டார். தம்பி, உங்கள் அன்றைய உழைப்பு நேரத்தை நான் மறக்கவில்லை.

வைத்தியர் பற்களையும் வயிற்றையும் ஆராய்ந்து, வெப்பத்தால் குடலசைவு மந்தமாகிவிட்டது என்றார். மருந்தோடு, புல்மாவைக் குழைத்து நான்கு மணிக்கொரு தடவை, இரவு இரண்டு மணி உட்பட, ஊசிக்குழலால் ஊட்ட வேண்டும். அவருடைய உதவியாளர் அரை மணி நேரம் என் கைகளைப் பிடித்துப் பழக்கினார்: துவாயில் சுற்றி மடியில் நிமிர்த்தி வைத்து, முன்பற்களுக்குப் பின்னால் பக்கவாட்டில் குழலை நுழைத்து, சிறு துளி விட்டு, அது மென்று விழுங்கும்வரை காத்திருந்து, பிறகுதான் அடுத்த துளி. அவசரப்பட்டால் உணவு மூச்சுப்பைக்குள் போய்விடும். நாற்பது ஆண்டு பள்ளிக்கூடத்தில் படிப்பித்த எனக்கு அந்த இளம் பெண்ணைப் போல் பொறுமையாகக் கற்பித்தவர்கள் அதிகம் பேரில்லை.

இரவு இரண்டு மணித் தடவைகளை ஒன்பதாம் மாடி அக்காவே ஏற்றுக்கொண்டார். எங்கள் மாடியிலுள்ள எட்டாம் வகுப்புச் சிறுமி ஒவ்வொரு காலையும் சமையல் தராசில் எடை பார்த்து, புழுக்கைகளை எண்ணிக் கோடிட்ட தாளில் குறித்தாள். முதல் நாள் 9, இரண்டாம் நாள் 14, ஐந்தாம் நாள் 121. அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டு அவள் ஓடிவந்தபோது நானும் அக்காவும் அழுதுவிட்டோம். 1923ஆம் ஆண்டில் சப்மன் என்ற சுரங்கப் பொறியியலாளர் பதினொரு சிஞ்சில்லாக்களைச் சிலியிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கப்பலில் கொண்டுவந்த கதையை எங்கோ வாசித்துவிட்டு, அவரும் வெக்கைக்குப் பயந்து ஐஸ் வைத்துத்தான் கொண்டுவந்தாராம் என்று எனக்குத் தைரியம் சொன்னவளும் அவளே. குஞ்சு, உன் தாள் இப்போது அந்தக் குறிப்புப் புத்தகத்தின் பதினைந்தாம் பக்கமாக ஒட்டப்பட்டிருக்கிறது.

இனி, எனக்குத் தெரியாத அந்த ஒருவர். வெள்ளிக்கிழமை விடியற்காலை என் கதவடியில், செய்தித்தாளில் சுற்றி, இரண்டு வெள்ளைப் பளிங்குக் கற்கள் கிடந்தன. “குளிர்ப்பெட்டியில் வைத்துக் கூண்டுக்குள் போடுங்கள்” என்று மட்டும் தமிழில் எழுதியிருந்தது. பெயர் இல்லை. அவற்றை மாறி மாறிக் குளிரவைத்தோம். பெப்பர் ஒரு நோவும் இல்லாமல் அந்தக் கிழமையைக் கடந்தது அக்கற்களின் மேல் படுத்துத்தான்.

கற்களைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன். தாதியும் உங்களைக் காண விரும்புகிறார். பதினோராம் மாடி, மின்தூக்கியிலிருந்து இடப்பக்கம் மூன்றாவது கதவு. பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு எப்போதும் வீட்டில் இருப்பேன்.

நன்றியுடன்,
பதினோராம் மாடி ரீச்சர்