ஜாக்கெட் லைனர் இனி மூன்றாம் நாள்தான் கிடைக்கும்

அன்பு வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மோட்டார் சைக்கிள் ஓட்டும் உங்களில் பலர் எங்கள் சலவைக் கடையில் ஒரே குறையைச் சொல்லி வருகிறீர்கள். "துவைத்த ஜாக்கெட்டைக் கடையில் திரும்ப வாங்கும்போது மணமாகத்தான் இருந்தது. மறுநாள் பினாங்குப் பாலத்தில் பாதி தூரம் போவதற்குள் பழைய வாடை வந்துவிட்டது." பிறையிலிருந்து தீவுக்குத் தினமும் வேலைக்குப் போய் வருபவர்கள்தான் அதிகம் சொன்னீர்கள். நீங்கள் சொன்னது சரி, தவறு எங்கள் பக்கம்தான். அதனால் லைனர், அதாவது ஜாக்கெட்டின் உள்ளே இருக்கும் உள்துணி, துவைக்கும் முறையையே மாற்றிவிட்டோம். முன்பு மறுநாளே கொடுத்தோம். இனி மூன்றாம் நாள். ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

வேர்வைக்கு வாடை மிகக் குறைவு. தோலிலும் துணியிலும் இருக்கும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் பிறக்கிறது. ஜாக்கெட்டின் உள்வலையும், கழற்றி மாட்டும் லைனரும் பெரும்பாலும் பாலியெஸ்டர். பருத்தியைவிட இது உடம்பின் எண்ணெய்ப் பசையை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். நாங்கள் அந்தப் பசையை முழுதாக எடுக்காமல், மேலே துணியை மென்மையாக்கும் வாசனை சாஃப்ட்னர் சேர்த்து வந்தோம். சாஃப்ட்னர் நூலின்மேல் மெல்லிய படலமாகப் படியும். துணி வேர்வையை இழுத்து வெளியே விடுவது அதனால் குறையும். அடியில் உள்ள அழுக்கும் அப்படியே இருக்கும். அப்புறம் உடம்புச் சூடும் ஈரமும் பட்டால் போதும், மூடி வைத்ததெல்லாம் எழுந்து வந்துவிடும்.

எனவே லைனருக்கு சாஃப்ட்னர் கிடையாது. தோள், முழங்கை, முதுகுப் பகுதிகளில் உள்ள பாதுகாப்புப் பட்டைகளை முதலில் கழற்றித் தனியே துடைத்து வைக்கிறோம். வெல்க்ரோ வலையைப் பிய்த்துவிடாதபடி ஒட்டி மூடுகிறோம். ஒரு வாளித் தண்ணீரில் ஒரு குவளை வெள்ளை வினிகர் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, நன்றாக அலசிவிட்டு, திரவச் சவர்க்காரம் கொஞ்சமாகப் போட்டு 30 டிகிரிக்கு மேல் போகாத தண்ணீரில் துவைக்கிறோம். பிறகு இரண்டு முறை அலசல். சவர்க்காரம் கூடினால் சுத்தமும் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். அலசிப் போகாத சவர்க்காரமே அழுக்கைப் பிடித்து வைக்கும். வீட்டில் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: வினிகரையும் குளோரின் பிளீச்சையும் எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு வரும்.

ஜார்ஜ்டவுன் வண்ணான்துறையில் கல்லில் அடித்துத் துவைத்த குடும்பம் எங்களுடையது. அந்தக் கை பழக்கத்தில் முறுக்கிப் பிழியத்தான் தோன்றும். லைனருக்கு அது ஆகாது. துண்டில் சுருட்டி அழுத்தி எடுக்கிறோம். தண்ணீர் புகாத மழை லைனரை மெஷினில் சுழற்றுவதும் இல்லை. தண்ணீர் உள்ளேயே தேங்கி மெஷின் பயங்கரமாக ஆடும்.

போன மழைக்காலத்தில் ஒருவருடைய மழை லைனரைச் சூடான டிரையரில் போட்டு, தையல்மேல் ஒட்டியிருந்த நாடா உரிந்து வந்துவிட்டது. புதிது வாங்கிக் கொடுத்தோம். அதோடு லைனருக்கு டிரையர் நின்றது.

மூன்று நாள் ஆவதற்குக் காரணம் காயவைப்பதுதான். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். வலைத்துணி சில மணி நேரத்தில் காய்ந்துவிடும்; கழுத்துப் பட்டை, கைமுனை, அக்குள் தையல் ஆகியவை வெளியே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே ஈரமாக இருக்கும். அந்த ஈரத்தோடு ஓர் இரவு மடித்து வைத்தால் துவைத்ததே வீண். அதனால் அகலமான ஹேங்கரில் உள்பக்கம் வெளியே தெரியும்படி மாட்டி, நிழலில் மின்விசிறி போட்டு, தையல்களை விரலால் தொட்டுப் பார்த்த பிறகே மடிக்கிறோம்.

கேமரன் மலைக்குப் போகும்போது மட்டும் போடும் தடித்த லைனரைத் துவைக்காமல் அலமாரியில் வைக்காதீர்கள். பூஞ்சை பிடித்துக் கரும்புள்ளி விழுந்தால் வாடையைப் போக்கலாம், புள்ளி பெரும்பாலும் போகாது. மழையில் நனைந்த ஜாக்கெட்டையும் மோட்டார் பெட்டிக்குள் திணிக்காமல், வீட்டுக்கு வந்ததும் விரித்துப் போடுங்கள். ஹெல்மெட் உள்துணியும் எடுத்துக்கொள்கிறோம், ஆனால் கழற்றக்கூடியது மட்டும். லைனர் உள்ளே தைத்தே இருக்கும் தோல் ஜாக்கெட்டைத் தண்ணீரில் போட மாட்டோம்.

உங்களில் பலர் ஜாக்கெட்டை முன்பின்னாகத் திருப்பிப் போட்டுத்தான் ஓட்டுகிறீர்கள். அப்படியானால் மார்பு வேர்வையெல்லாம் முதுகுப் பக்கத் துணியில் ஊறியிருக்கும். எப்படிப் போடுவீர்கள் என்று கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், அந்த இடத்தை முதலில் கையால் கவனித்துவிடுகிறோம். பைகளையும் ஒரு தடவை பாருங்கள். டோல் கட்டும் டச் அண்ட் கோ அட்டை இரண்டு இன்னும் எங்கள் மேசையில் இருக்கிறது, உரியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் சலவைக் கடையார்,
பட்டர்வொர்த்